தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் என்னதான் படிக்கிறார்கள்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இடைநிலை ஆசிரியர். பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது பள்ளி வாசலில், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில், சில நேரம் மளிகைக் கடையில் நிற்கும்போதுகூடப் பெற்றோர் என்னிடம் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது இது.

ஒண்ணாங் கிளாஸ்ல மொத்தம் எத்தனை பாடம் சார்?

நான்கு. தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். இரண்டாம் வகுப்பிலும் இதே நான்குதான். மூன்றாம் வகுப்புக்குப் போனதும் சூழ்நிலையியல் என்ற பாடம் அறிவியல், சமூக அறிவியல் என்று இரண்டாகப் பிரியும். அப்புறம் ஐந்தாம் வகுப்பு வரை ஐந்து பாடங்கள்.

ஆண்டு மூன்று பருவமாகப் பிரிந்திருக்கிறது. 2012-13 கல்வியாண்டில் வந்த முறை இது. ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் புத்தகம். ஒரு பருவம் முடிந்ததும் அந்தப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிடலாம். அதனால்தான் பை கனமாக இருப்பதில்லை. "புத்தகம் இவ்வளவு மெல்லிசா இருக்கே, பாடத்தைக் குறைச்சிட்டாங்களா" என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுப் பாடத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உங்கள் கையில் இருக்கிறது.

எண்ணும் எழுத்தும்னு சொல்றாங்களே, அது தனிப் பாடமா?

இல்லை. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றைக் கற்பிக்கிற முறைக்கு அந்தப் பெயர். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்னப் பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் ஏராளம். அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூனில் இந்தத் திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரை, மறு ஆண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து வாசிக்க வேண்டும், பிழையில்லாமல் எழுத வேண்டும், அடிப்படைக் கணக்கைச் செய்ய வேண்டும் என்பது இதன் இலக்கு.

வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தால் மாற்றம் தெரியும். கதைக்கு ஓர் இடம், பாட்டுக்கு ஓர் இடம், வாசிப்புக்கு ஓர் இடம் என்று களங்கள் இருக்கும். பிள்ளைகள் வரிசையாக உட்காராமல் குழுவாக உட்கார்ந்திருப்பார்கள். சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு "பாடமே நடக்கல" என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அரும்பு, மொட்டு, மலர்னு பிரிக்கிறாங்க. என் பொண்ணு இன்னும் அரும்புலயே இருக்கா. மக்குன்னு முத்திரை குத்துறாங்களா?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அம்மாக்களின் முகம் வாடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பெயர்கள் ஆசிரியருக்காக வைத்தவை. எழுத்து அறிமுகத்திலிருந்தே தொடங்க வேண்டிய பிள்ளை அரும்பு. எழுத்து தெரிந்து சொல்லும் தொடரும் பழக வேண்டிய பிள்ளை மொட்டு. வகுப்புக்குரிய பாடத்தை அப்படியே எடுத்துப் படிக்கக்கூடிய பிள்ளை மலர். மூன்றாம் வகுப்பில் ஒரே பாடத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரி நடத்தினால், எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அந்த ஆண்டு முழுவதும் வீண். முன்பு அதுதான் நடந்தது.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள் என்பதைவிட, எத்தனை மாதமாக அங்கே இருக்கிறாள் என்று கேளுங்கள். பருவத்துக்குப் பருவம் நகர்ந்தால் கவலை வேண்டாம். ஓராண்டு முழுக்க அசையவில்லை என்றால் உட்கார்ந்து பேச வேண்டும். அதற்கான பதில் கீழே, வாசிக்கவே வராத பிள்ளையைப் பற்றிய கேள்வியில் இருக்கிறது. அப்புறம் ஒன்று: வீட்டில் "நீ இன்னும் அரும்புதானே" என்று அண்ணனோ அக்காவோ கேலி செய்ய விடாதீர்கள். வகுப்பில் நாங்கள் எவ்வளவு பார்த்துப் பேசினாலும் வீட்டில் ஒரு சொல் போதும், பிள்ளை சுருங்கிவிடும்.

புத்தகத்தைத் தொடுறதே இல்ல, பயிற்சி நூலையே எழுதிட்டு இருக்கான். அப்போ புத்தகம் எதுக்கு?

இரண்டுக்கும் வேலை வேறு. பாடப் புத்தகத்தில் கதை, பாட்டு, படம், விளக்கம் இருக்கும். பயிற்சி நூல் பிள்ளை தானே எழுதிப் பார்க்க. மேலே சொன்ன நிலைகளுக்கு ஏற்ப அதில் பயிற்சிகள் இருப்பதால் வகுப்பில் அதுதான் அதிகம் கைக்கு வரும். புத்தகம் வீட்டில் சும்மா கிடக்கிறது என்றால் அதிலுள்ள கதையை ராத்திரி வாசிக்கச் சொல்லுங்கள். பரீட்சைக்கு உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டாம்.

நாங்க அ, ஆவுல ஆரம்பிச்சோம். இப்ப வரிசையே இல்லாம ட, ப, மன்னு சொல்லித் தர்றாங்களே?

இது புதிதல்ல. பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாமே செய்து பழகும் செயல்வழிக் கற்றல் 2007 வாக்கில் தமிழ்நாடு முழுவதும் வந்தபோதே அந்த அட்டைகளில் இப்படித்தான் இருந்தது. ட, ப, ம மூன்றும் நேர்கோடுகளால் ஆனவை, அல்லது கொஞ்சம்தான் வளைந்தவை. ஐந்து வயது விரலுக்கு 'அ'வின் சுழி கஷ்டம், 'ட' எளிது. அதோடு இந்த மூன்று எழுத்து தெரிந்தவுடன் படம், மடம் என்று சொற்களை வாசித்துவிடலாம். 'அ' முதல் 'ஔ' வரை பன்னிரண்டையும் கற்றாலும் அவற்றை மட்டும் வைத்து ஒரு சொல் அமைப்பது அரிது. முதல் வாரத்திலேயே "நான் படிச்சிட்டேன்" என்று பிள்ளை சொல்ல முடிவது பெரிய விஷயம்.

எல்லா ஆசிரியரும் இதே வரிசையில் போவதில்லை. உயிரெழுத்திலிருந்து தொடங்குபவர்களும் இருக்கிறார்கள். எந்த வழியில் போனாலும் கடைசியில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்தையும் தொட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் 247 வடிவத்தைத் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கால், கொம்பு, சுழி எங்கே போடுவது என்று பிடிபட்டால் பெரும்பாலானவை தானாக வரும். உகர, ஊகார வரிசை மட்டும் எழுத்துக்கு எழுத்து மாறும். கு, சு, டு, து, மு என்று எழுதிப் பாருங்கள், புரியும். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவதும் அங்கேதான். அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் வீட்டில் கூடுதல் நேரம் கொடுத்தால் பாதிச் சிரமம் குறையும்.

தாத்தா எழுதுற 'லை' வேற மாதிரி இருக்கு, அது தப்புன்னு பேரன் சொல்றான். யாரு சரி?

இருவரும் சரி. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. அதற்கு முன் லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு மேலே கொம்பு வளைத்த வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றுக்குத் தனி வடிவமும் இருந்தன. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள் மாறின. தாத்தா அதற்கு முன் பள்ளியில் படித்தவர். அவர் எழுதியதைப் பேரன் வாசிக்கப் பழகட்டும், எழுதும்போது இப்போதைய வடிவத்தில் எழுதட்டும்.

எழுத்துக் கூட்டி நல்லா வாசிக்கிறான். ஆனா என்ன படிச்சேன்னு கேட்டா முழிக்கிறான்.

நான் அதிகம் கவலைப்படுகிற இடம் இது. வாசிப்பில் இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடக்கிறது. எழுத்தை ஒலியாக்குவது ஒன்று, அந்த ஒலியிலிருந்து பொருளைப் பிடிப்பது இன்னொன்று. 'ம-ர-த்-தி-ல்' என்று ஒவ்வொன்றாகக் கூட்டும்போது மனம் முழுக்க முதல் வேலையிலேயே தீர்ந்துவிடும். வரியின் கடைசிக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். ஆக, உங்கள் மகனுக்குப் புரிந்துகொள்ளும் திறன் குறைவு என்று அர்த்தமில்லை. அதே கதையை நீங்கள் வாசித்துக் காட்டி, அதே கேள்வியைக் கேளுங்கள். பெரும்பாலும் டக்கென்று பதில் சொல்வான்.

தீர்வு எளிது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு நாள் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும். முதல் நாள் கூட்டி வாசிப்பான், நான்காம் நாள் பேசுகிற வேகத்தில் வாசிப்பான். அந்த வேகம் வந்த பிறகுதான் பொருள் உள்ளே இறங்கும். "இதைத்தான் நேத்தே படிச்சிட்டியே, அடுத்ததைப் படி" என்று அவசரப்படுத்துகிற பெற்றோர்தான் அதிகம். தயவுசெய்து அடுத்த பக்கத்துக்குத் தள்ளாதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை வீட்டில் பேசுவது "நான் வூட்டுக்குப் போறேன்". புத்தகத்தில் இருப்பது "நான் வீட்டிற்குச் செல்கிறேன்". ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பாதி வேற்றுமொழி. கதை வாசித்துக் கேட்டே வளராத பிள்ளைகளுக்கு இந்த எழுத்துத் தமிழ் காதில் விழுந்ததே இல்லை. அதனால் ஒன்று, இரண்டாம் வகுப்பில் பிள்ளை தன் பேச்சில் பதில் சொன்னால் நான் ஏற்றுக்கொள்கிறேன். சொல்ல வந்ததைச் சொல்லட்டும், எழுத்து நடை மூன்று, நான்காம் வகுப்பில் மெல்ல வரும். ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் இப்படித்தான். ஊரில் பெரியவர்களே 'மளை' என்றும் 'வாளைப்பளம்' என்றும் பேசும்போது பிள்ளை காதால் கேட்டு 'ழ' போட முடியாது. கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும். நிறைய வாசிக்கிற பிள்ளைக்கு அந்தப் பிழை தானே குறைகிறது.

ஏபிசிடி முழுசா தெரியும், ஆனா ஒரு வார்த்தை இங்கிலீஷ்ல வாசிக்க வரலையே?

எழுத்தின் பெயர் தெரிவதும் எழுத்தின் ஒலி தெரிவதும் வேறு வேறு. தமிழில் இந்தச் சிக்கல் இல்லை. 'ப' என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் பெயர் 'பீ', ஒலி வேறு. அதனால்தான் இப்போது ஒலியைச் சொல்லி எழுத்தைக் காட்டுகிறோம். வீட்டில் பிள்ளை 'ப்', 'ட்', 'ம்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது அந்தப் பயிற்சிதான்.

தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் ஒரு தனிச் சிரமம் உண்டு. நம் 'ப' ஒரே எழுத்து, ஆனால் 'பல்' என்னும்போது ஒரு மாதிரியும் 'அம்பு' என்னும்போது இன்னொரு மாதிரியும் ஒலிக்கும். க, ச, ட, த எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. இதை மாற்றி எழுதுவது இரண்டாம் வகுப்பில் சகஜம். சொல்லிச் சொல்லிக் காது பழக வேண்டும். திட்டினால் பேசுவதையே நிறுத்திவிடுவார்கள்.

அப்போ இங்கிலீஷ் மீடியத்துலயே சேர்த்துட்டா சரியாப் போயிடுமா?

2012-13 முதல் ஏராளமான அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்துவிட்டது. உங்கள் உரிமை அது, நான் தடுக்க மாட்டேன். ஆனால் என் கருத்தைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன்: வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைக்குத் தொடக்க வகுப்பில் தமிழ் வழியே நல்லது. மூன்றாம் வகுப்பில் திண்மம், திரவம், வாயு வருகிறது. தமிழில் நடத்தினால் தண்ணீர், ஐஸ், ஆவி என்று பத்து நிமிடத்தில் பேச்சு எங்கோ போய்விடும், பிள்ளைகளே இட்லிப் பானையைப் பற்றிச் சொல்வார்கள். ஆங்கில வழியில் அதே பிள்ளைகள் மூன்று சொல்லுக்கும் எழுத்துக்கூட்டு மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று பொருளில்லை. தமிழ் வழியிலும் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கிறது. அதை ஒழுங்காகப் படித்தால் போதும்.

கணக்குல குச்சியைக் கட்டிக் கட்டி அவுக்கிறாங்க. நேரா கடன் வாங்கிக் கழிக்கச் சொல்லித் தரக் கூடாதா?

சொல்லித் தருவோம், குச்சிக்கு அப்புறம். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் நிறையப் பிள்ளைகள் 35 என்று எழுதுவார்கள். இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து 3. அந்தப் பிள்ளை கழித்தலில் தப்புச் செய்யவில்லை. 52 என்பது ஐந்தும் இரண்டும் பக்கத்தில் நிற்பது என்று நினைத்திருக்கிறது. ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்று அதற்கு யாரும் காட்டவில்லை.

பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கையில் கொடுத்து, இதிலிருந்து 27 எடு என்றால் என்ன ஆகும்? ஏழு உதிரி இல்லை. பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்து, தானே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது உதிரி 12. ஏழு எடுத்தால் ஐந்து மிச்சம். நான்கு கட்டில் இரண்டு எடுத்தால் இரண்டு மிச்சம். ஆக 25. கடன் வாங்குவது என்று நாம் சொல்வது இந்த அவிழ்ப்பதைத்தான். இதைக் கையால் செய்த பிள்ளைக்கு 502இலிருந்து 127 கழிக்கும்போது நடுவில் பூஜ்ஜியம் வந்தாலும் பயம் வராது. செய்யாத பிள்ளை "பக்கத்து வீட்டில் கடன் கேட்டேன், அவங்ககிட்ட இல்ல" என்ற கதையிலேயே சிக்கிக்கொள்ளும்.

வீட்டில் ஈர்க்குச்சியும் ரப்பர் பேண்டும் இருந்தால் போதும். பத்து ரூபாய்த் தாளும் ஒரு ரூபாய் நாணயமும் இன்னும் நல்லது, பிள்ளை அக்கறையாக எண்ணும்.

வாய்ப்பாடு மனப்பாடம் பண்ணச் சொல்றதே இல்லையே?

சொல்கிறோம். 5ஆம் வகுப்பு முடிப்பதற்குள் 10ஆம் வாய்ப்பாடு வரை தடங்கலில்லாமல் வர வேண்டும் என்பது என் எண்ணம், இதில் நான் கறாரானவன். ஆனால் குச்சிக் கணக்கில் சொன்ன அதே காரணம் இங்கேயும் உண்டு. ஆறு நான்கு இருபத்து நாலு என்றால் ஆறு பேருக்கு ஆளுக்கு நாலு மிட்டாய் என்பது முதலில் தெரிய வேண்டும். அது தெரிந்த பிள்ளை 14 ஆறு எவ்வளவு என்று கேட்டால், பத்து ஆறு அறுபது, நாலு ஆறு இருபத்து நாலு, மொத்தம் 84 என்று சொல்லும். பதினாலாம் வாய்ப்பாடு அதற்குத் தேவையில்லை.

கணக்குப் புத்தகத்துல கோலமும் பட்டியலும் படமுமா இருக்கு. இதெல்லாம் கணக்கா?

கணக்குதான். எண்கள் போக வடிவியல், அமைப்புகள், அளவைகள், தகவல் செயலாக்கம் என்று பகுதிகள் இருக்கின்றன. புள்ளிக் கோலத்தில் அடுத்த வரிசைக்கு எத்தனை புள்ளி என்று சொல்ல முடிந்த பிள்ளை, ஒழுங்கைக் கண்டுபிடித்து நீட்டத் தெரிந்த பிள்ளை. பின்னால் வரும் இயற்கணிதத்துக்கு அதுதான் அடித்தளம். வகுப்பில் யார் யாருக்கு எந்தப் பழம் பிடிக்கும் என்று கேட்டு அட்டவணை போடுவது தகவல் செயலாக்கம். நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் கோலத்தில் வகுப்பையே மிஞ்சுவதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

மூணாம் வகுப்புப் பிள்ளைக்கு அறிவியல், சமூக அறிவியல்ல அப்படி என்ன இருக்கு?

அறிவியலில் நம் உடல், பொருளின் நிலைகள், விசை, உணவு, நீர், தாவரம் என்று கையால் தொட்டுப் பார்க்கக்கூடியவை. சமூக அறிவியல் வீட்டிலிருந்து தொடங்கி வெளியே விரியும். ஊராட்சி, அப்புறம் நகராட்சி, மாநகராட்சி. நான்காம் வகுப்பில் மூவேந்தர் வருகிறார்கள், குறிஞ்சி முல்லை மருதம் நெய்தல் பாலை என்று ஐவகை நிலம் வருகிறது. இங்கே நான் வீட்டுப்பாடமாகக் கொடுப்பது: நம் ஊர் எந்த நிலம், ஏன்? ஊராட்சித் தலைவர் யார், தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது? இந்தக் கேள்விகளுக்கு உங்களோடு உட்கார்ந்து பேசிவிட்டுப் பிள்ளை வந்தால் பாடம் பாதி முடிந்தது.

எங்க ஸ்கூல்ல அஞ்சு வகுப்புக்கும் ரெண்டே டீச்சர். எப்படி நடக்கும் பாடம்?

உங்கள் கவலை நியாயம். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. எண்ணிக்கைதான் கணக்கு, வகுப்பு கணக்கில்லை. அதனால் சிறு பள்ளிகளில் ஒருவரே இரண்டு, மூன்று வகுப்பை ஒரே அறையில் பார்க்க வேண்டியிருக்கிறது. நிலைவாரிக் குழு முறை இதற்கு ஓரளவு உதவுகிறது. ஒரு குழு வாசிக்கும்போது இன்னொரு குழு பயிற்சி நூல் எழுதும், மூன்றாவது குழுவோடு நான் உட்காருவேன்.

ஆனால் ஓரளவுக்குத்தான். ஒரு டீச்சர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால் அன்று மிச்சமுள்ளவரிடம் ஐந்து வகுப்பும் சேரும். செயலியில் பதிவு, வருகைப் பதிவு, நலத்திட்டப் பட்டியல் எல்லாம் அதே கையால்தான். வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்ற கோரிக்கையை நான் எந்தக் கூட்டத்திலும் விடாமல் சொல்கிறேன். மேலாண்மைக் குழுவில் நீங்களும் அதைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள்.

ரேங்க் கார்டும் இல்ல, ஃபெயிலும் இல்ல. அப்புறம் எதுக்குப் படிக்கப் போறான்?

மதிப்பீடு இருக்கிறது. பருவத்தில் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40, பருவ இறுதித் தேர்வுக்கு 60 என்ற முறை முப்பருவத்தோடு வந்தது. முதலாவதை வளரறி மதிப்பீடு என்றும் இரண்டாவதைத் தொகுத்தறி மதிப்பீடு என்றும் சொல்வோம். எண்ணும் எழுத்தும் வந்தபின் எந்தத் திறன் வந்திருக்கிறது, எது வரவில்லை என்று செயலியிலும் பதிவாகிறது. வகுப்பில் எத்தனையாவது இடம் என்பது மட்டும் இல்லை.

தேர்ச்சி விஷயத்தில் நடந்தது இது. எட்டாம் வகுப்பு முடியும் வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொன்னது. 2019இல் அதில் திருத்தம் வந்து, 5, 8 வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தலாமா என்பது மாநிலங்களின் முடிவுக்கு விடப்பட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பொதுத்தேர்வை அறிவித்து, நடத்துவதற்கு முன்பே 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். நல்ல முடிவு என்று நினைக்கிறேன். பத்து வயதில் தோற்றவன் என்று பெயர் வாங்கிய பிள்ளை அடுத்த ஆண்டு பள்ளிக்கு வராமல் ஆடு மேய்க்கப் போவதைப் பழைய ஆசிரியர்கள் பார்த்திருக்கிறார்கள். அதே நேரம், ஒன்றும் தெரியாமலே மேலே தள்ளிக்கொண்டு போவதும் அநியாயம்தான். ஃபெயில் இல்லை என்பதால், தெரியாததை உடனுக்குடன் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டிய பொறுப்பு எங்களுக்குக் கூடுகிறது.

மூணு முடிக்கப் போறான், இன்னும் ரெண்டு வரி வாசிக்க வரல. என்ன பண்றது?

முதலில் கண்ணையும் காதையும் பாருங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை அதைச் சொல்லாது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும். சளி அடிக்கடி பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு ஒலி வேறுபாடு கேட்காது. பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது தவறாமல் காட்டுங்கள். அடுத்து வருகைப் பதிவேடு. அறுவடைக்கு, கட்டட வேலைக்கு என்று குடும்பத்தோடு வெளியூர் போய் மாதக்கணக்கில் விட்டுப்போன பிள்ளைக்கு விட்டுப்போன இடத்திலிருந்து கற்பித்தாலே வந்துவிடும்.

இவை எதுவும் இல்லை, பேச்சும் விளையாட்டும் புத்திசாலித்தனமும் வயதுக்கேற்ப இருக்கிறது, எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால் அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். சோம்பேறித்தனம் என்று அடிக்காதீர்கள். ஒன்றியத்துப் பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையத்தில் உள்ளடக்கிய கல்விக்கான, அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளையும் சேர்த்துக் கற்பிப்பதற்கான, சிறப்பு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வகுப்பாசிரியர் மூலம் அவர்களிடம் பரிசோதிக்கலாம். சீக்கிரம் தெரிந்தால் வேறு முறையில் கற்பிக்க முடியும், பின்னால் தேர்வுகளில் சலுகையும் கேட்க முடியும்.

எனக்கே எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுல நான் என்ன சொல்லித் தர முடியும்?

நிறைய. உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லுங்கள், பிள்ளையை உங்களுக்குத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "அப்புறம் என்னாச்சு", "அவன் ஏன் அப்படிப் பண்ணான்" என்று நடுவில் கேளுங்கள். மேலே வாசித்தும் புரியாத பையனைப் பற்றிச் சொன்னேனே, அவனுக்கு இந்தப் பழக்கம் பெரிய துணை. ரேஷன் கடைக்குப் போகும்போது கூட்டிப்போய் எத்தனை கிலோ, எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட விடுங்கள். பேருந்தின் ஊர்ப் பெயரை, மாத்திரை அட்டையின் தேதியை உங்களுக்காக வாசிக்கச் சொல்லுங்கள். அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன் என்பதில் பிள்ளைக்கு இருக்கும் பெருமையை எந்த வகுப்பிலும் எங்களால் தர முடியாது.

ஸ்கூலுக்கு வந்து இதெல்லாம் கேட்டா டீச்சர் கோவிச்சுக்க மாட்டாங்களா?

மாட்டோம். கேட்பது உங்கள் உரிமையும்கூட. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். குழுவில் இல்லாதவர்களும் வரலாம். வரும்போது "நல்லாப் படிக்கிறானா" என்று மட்டும் கேட்டால் "நல்லாப் படிக்கிறான்" என்றுதான் பதில் வரும். போன மாதம் வராதது எது இப்போது வருகிறது, இன்னும் எது வரவில்லை, அதற்கு வீட்டில் நான் என்ன செய்யட்டும் என்று கேளுங்கள்.

காலையில் உணவும் வழிபாட்டுக் கூட்டமும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதால் நின்று பேச முடியாது. மாலை மணி அடித்த பிறகு வாருங்கள். பிள்ளையும் பயிற்சி நூலும் கூட இருக்கட்டும். அதைப் புரட்டிக்கொண்டே பேசினால் எந்தப் பக்கத்தில் தடுமாறுகிறான் என்று உங்களுக்கும் காட்டிவிடலாம்.